தரையைத் தோண்டிய மிதவை

மனிதகுலத்தின் முன்னேற்றத்துக்காக வட்டமான, தட்டையான பொருள்களோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர்களுக்கு யாரும் சிலை வைப்பதில்லை. ராக்கெட் விட்டவருக்குச் சிலை உண்டு. தட்டு விட்டவருக்கு ஒரு சுழல் நாற்காலி உண்டு, அதுவும் சுழலாது. அப்படி ஒரு சுழலாத நாற்காலியில் கால் நூற்றாண்டாக உட்கார்ந்திருந்தவரைத்தான் அந்தத் தொழிற்சாலையில் எல்லோரும் 'வட்டம்' என்று அழைத்தார்கள். மரியாதை தெரிந்தவர்கள் 'வட்டம் சார்' என்றார்கள்.

விளையாட்டுச் சாமான் செய்யும் தொழிற்சாலை அது. முன்பகுதியில் பிளாஸ்டிக், பின்பகுதியில் ரப்பர். முன்பகுதியில் கையால் வீசி விளையாடும் எறிதட்டுகள் பிறந்தன. பின்பகுதியில், பனித்தரையிலும் சிமெண்டுத் தரையிலும் மட்டையால் தள்ளி ஆடும் ஹாக்கிக்கான கறுப்பு வில்லைகள் பிறந்தன. இரண்டுக்கும் நடுவே, பேக்கிங் பகுதிக்கும் கழிப்பறைக்கும் இடைப்பட்ட ஓர் ஒட்டுப்பலகை அறையில் உட்கார்ந்து, உலகம் அதுவரை கேட்டிராத, கேட்கும் உத்தேசமும் இல்லாத வடிவங்களை வட்டம் வரைந்துகொண்டிருந்தார்.

'சத்தம் போடாத வில்லை' அவருடையது. மாடியில் பிள்ளைகள் ஹாக்கி ஆடினால் கீழ்வீட்டுக்காரர் கரண்டியோடு மேலே வருகிறார் என்று கேள்விப்பட்டு, ரப்பருக்குள் மணலை நிரப்பினார். சத்தம் வரவில்லைதான். ஆட்டம் முடியும்போது வில்லை காலியாகவும் வீடு கடற்கரையாகவும் இருந்தது. அடுத்தது 'தொலையாத வில்லை'. அடித்தால் விசிலடிக்கும். சோபாவுக்கு அடியில் போனாலும் கண்டுபிடித்துவிடலாம் என்பது கணக்கு. ஆனால் நடுவர் விசிலடித்துவிட்டார் என்று நினைத்து, ஒவ்வோர் அடிக்கும் எல்லா ஆட்டக்காரர்களும் நின்றுவிட்டார்கள். ஆட்டம் ஓர் அடிக்கு மேல் நகரவே இல்லை. இடையில் ஒரு சதுர வில்லையும் வந்தது. அதன் முனை யாருடைய கணுக்கால் எலும்பில் பட்டது என்பதைத் தொழிற்சாலையில் இன்றும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அதற்காக ஆளைக் கிறுக்கு என்று நினைத்துவிடக் கூடாது. அடியில் சின்னச் சின்ன உருண்டைகள் பதித்து, சிமெண்டுத் தரையில் பனியில் போவதுபோல வழுக்கிக்கொண்டு ஓடும் 'உருளை வில்லை'யும் அவர் செய்ததுதான். தொழிற்சாலையின் அடுப்பு பல வருஷம் அதை நம்பித்தான் எரிந்தது.

வில்லைகளைச் சோதிப்பது சுலபம். காலால் ஒரு தள்ளுத் தள்ளினால் தெரிந்துவிடும். காலுக்கு வலது, இடது என்ற மானப் பிரச்சினை கிடையாது. எறிதட்டுதான் சங்கடம். அதைக் கையால் எறிய வேண்டும். எறியத் தெரிந்த கை வட்டத்திடம் இருந்தது. ஆனால் அது தப்பான பக்கத்தில் இருந்தது.

பிறவியிலேயே அவர் இடதுகைக்காரர். இந்த உண்மை முதன்முதலில் வெளிப்பட்டது பால் சட்டியின் மூடி வழியாக. சமையலறையிலிருந்து வாசல் வழியாக அவர் வீசிய மூடி, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு ஜன்னலுக்குள் நிதானமாக நுழைந்து, அங்கே சவரம் செய்துகொண்டிருந்தவரின் கண்ணாடியில் போய் முடிந்தது. அப்படி ஓர் எறியை இன்றைக்கு ஒருவன் எறிந்தால் மாலை போடுவார்கள். அன்றைக்கு அம்மா அடி போட்டாள். மூடியை வீசியதற்கு ஓர் அடி. "அதுவும் பீச்சாங்கையால வீசுது பாரு சனியன்!" என்று அதற்கு இன்னோர் அடி. இரண்டாவது அடிதான் பலமாக விழுந்தது. கண்ணாடியை உடைப்பது மன்னிக்கக்கூடிய குற்றம், கையை மாற்றிப் பயன்படுத்துவது மன்னிக்கவே முடியாத குற்றம் என்ற சட்டஞானம் அப்போதே அவருக்குக் கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரின் மர அளவுகோல் அதை உறுதிசெய்தது.

ஆகவே வலது கை படித்து ஆளானது. எழுதக் கற்றது, சாப்பிடக் கற்றது, பெரிய மனிதர்களோடு குலுக்கக் கற்றது. இடது கை, வீட்டுக்கு விருந்தாளி வந்தால் உள்ளே போகச் சொல்லப்படும் பிள்ளையைப்போல, பாக்கெட்டுக்குள் வளர்ந்தது. பாக்கெட்டிலிருந்து வெளியே வரும்போது மட்டும் அதற்கு ஒரு வித்தை தெரிந்திருந்தது. எறியத் தெரிந்திருந்தது. வலது கைக்கு அது சுட்டுப்போட்டாலும் வரவில்லை. வலது கையால் வட்டம் தட்டெறிந்தால், ஈரத் துண்டை உதறியதுபோல இருக்கும்.

எறிதட்டு வடிவமைப்பவர் பீச்சாங்கைக்காரர் என்று தெரிந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? யோசித்துப் பார்த்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வெட்கம் என்பது யோசித்துப் பார்த்து வருகிற சரக்கில்லை. அதனால் புதுத் தட்டு எதையும் அவர் தொழிற்சாலைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் மதில் சுவருக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தில்தான் எறிந்து பார்ப்பார். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் யாரும் வரக் கூடாது.

"போட்டிக் கம்பெனிக்காரன் மோப்பம் பிடிச்சிடுவான்" என்பார். எல்லோரும் மரியாதையோடு ஒதுங்கிப் போவார்கள். தொழில் ரகசியம் என்ற பெயரில் உலகத்தில் எத்தனை மானக்கேடுகள் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றனவோ, யார் கண்டது?

இந்தத் தொட்டிமறைவில் பிறந்ததுதான் 'மிதவை'.

சாதாரண எறிதட்டு போகும், விழும். மிதவை போய், நின்று, யோசித்து, பிறகு இறங்கும். தட்டின் விளிம்பையொட்டி வரிசையாகச் சாய்ந்த துளைக்கண்கள் வெட்டியிருந்தார் வட்டம். மின்விசிறியின் இறக்கை எப்படிச் சாய்ந்திருக்குமோ, அப்படி. தட்டு சுழலும்போது அந்தக் கண்கள் காற்றைக் கீழே தள்ளும். தட்டு மேலே நிற்கும். மூன்று வருஷ உழைப்பு. கண்களின் சாய்வைத் தலைமுடி அளவு கூட்டிக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் தொட்டிக்குப் பின்னால் போய், இருபுறமும் பார்த்துவிட்டு, இடது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து எறிவார்.

ஒருநாள் தேநீர் வேளையில் முன்பக்கம் நின்றிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். தொட்டிக்கு மேலே ஒரு மஞ்சள் தட்டு எழும்பி, அந்தரத்தில் அசையாமல் நின்றது. பேக்கிங் பகுதிப் பெண் ஒருத்தி தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தாள், அப்போதும் நின்றுகொண்டிருந்தது.

"மாப்பிள்ளை, இது தட்டு இல்ல, நம்ம பொழப்பு!" என்று ஓடிவந்தார் மச்சான். வட்டத்தின் மனைவிக்கு அண்ணன். தொழிற்சாலையின் விற்பனை மேலாளர். வாயைத் திறந்தால் கடை போட்டுவிடுவார். 'மிதவை' என்று பெயர் வைத்தது அவர்தான். 'எறிங்க, டீ குடிங்க, வந்து பிடிங்க!' என்று அட்டையில் அச்சடிக்கச் சொன்னதும் அவரே.

தட்டை வார்க்கும் பொறுப்பு மெஷின் அக்காவுக்குப் போனது. பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் செலுத்தும் பெரிய இயந்திரத்தை ஓட்டுகிறவர். வயதில் மூத்த முதலாளியம்மாகூட அவரை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். அச்சிலிருந்து வரும் ஒவ்வொரு தட்டையும் ஒரு கண்ணாடிப் பலகையில் வைத்து, கோணல்மாணலாக ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். வட்டம் முதல் அடுக்கிலிருந்து சிலதை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் போனார். எல்லாம் மிதந்தன.

"அற்புதம் அக்கா!" என்றார்.

"ஒண்ணை நானும் எறிஞ்சு பார்க்கட்டுமா சார்?"

"ஐயோ, வேண்டாம் வேண்டாம். வெளியீடு வரைக்கும் யார் கண்ணுலயும் படக் கூடாது."

தட்டுகள் உடனே உறையிட்டு ஒட்டப்பட்டன. தொழிற்சாலையில் வேறு ஒரு கையும் மிதவையை எறியவில்லை.

வெளியீடு ஊர் விளையாட்டு மைதானத்தில் நடந்தது. நாற்காலி, மைக், குளிர்பானம். கடைக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். முன்வரிசையில், வெள்ளை ஷூ போட்ட மொத்த வியாபாரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் தலையசைத்தால்தான் மற்ற கடைகள் வாங்கும். தொழிற்சாலை ஆட்களும் ஓரமாக நின்றார்கள். மெஷின் அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"இது நம்ம வட்டம் சார் மூளையில உதிச்ச தட்டு" என்று மைக்கில் அறிவித்த முதலாளியம்மா, கையை வீசி எறிந்தார்.

மிதவை மிதக்கவில்லை. கிளம்பிய வேகத்திலேயே தலையைக் கவிழ்த்து, தரைக்குள் தன்னைத் திருகிக்கொண்டது. புல் பெயர்ந்து மண் தெறித்தது.

"ட்ரையல்ங்க, சும்மா ட்ரையல்!" என்று மைக்கைப் பிடுங்கிய மச்சான், தானே ஒன்றை எடுத்து எறிந்தார். அது இன்னும் ஆழமாகத் தோண்டியது.

"தோட்ட வேலைக்கு நல்லாருக்கும்" என்றது ஒரு பின்வரிசைக் குரல். சிரிப்பு கிளம்பியது. மொத்த வியாபாரி எழுந்து வந்து, "குடுங்க இப்படி" என்று வாங்கி எறிந்தார். அவருடைய வெள்ளை ஷூவுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து, ஷூவை மண்நிறமாக்கியது.

வட்டத்துக்கு இரண்டாவது எறியிலேயே விளங்கிவிட்டது. வலது கையால் எறிந்தால் தட்டு ஒரு பக்கமாகச் சுழலும். இடது கையால் எறிந்தால் நேர் எதிர்ப்பக்கமாகச் சுழலும். விசிறியைத் திருப்பிச் சுற்றவிட்டால் காற்று என்ன ஆகும்? மேலே போகும். தட்டு என்ன ஆகும்? கீழே போகும். மூன்று வருஷமாக, தலைமுடி அளவுக்கெல்லாம் பார்த்துப் பார்த்து, அவர் உலகத்துக்காக ஒரு தட்டு செய்யவில்லை. தன் பாக்கெட்டில் இருந்த கைக்காகச் செய்திருந்தார்.

"சார், நீங்க வாங்க!" என்றார் முதலாளியம்மா. முகம் சிவந்திருந்தது. "நீங்க எறிஞ்சு காட்டுங்க. உங்களுக்குத்தான் அதோட சூட்சுமம் தெரியும்."

மைதானமே திரும்பிப் பார்த்தது. வட்டம் நடுவுக்கு வந்தார். தட்டைக் கையில் கொடுத்தார்கள். இடது கை பாக்கெட்டுக்குள் துடித்தது. ஒரே ஓர் எறி. வெளியே எடுத்து எறிந்தால் தட்டு மேலே போய் நிற்கும், கூட்டம் வாயைப் பிளக்கும், தொழிற்சாலை பிழைக்கும். "வலது கைக்கும் இதோ அச்சை மாற்றித் தருகிறோம்" என்று மச்சான் மைக்கில் சமாளித்துவிடுவார். அவ்வளவும் வட்டத்துக்குத் தெரிந்தது. இத்தனை பேர் முன்னால் அந்தக் கையா? பால் சட்டி மூடிக்கு விழுந்த இரண்டாவது அடி முதுகில் சுரீரென்றது.

வலது கையால் எறிந்தார்.

மற்றவர்கள் எறிந்ததைவிட மட்டமாக விழுந்தது.

"எனக்குத் தெரியும்" என்றார் மொத்த வியாபாரி, ஷூவைத் துடைத்துக்கொண்டே. "ஆற வைக்கிற நேரம் பத்தலை. சூடா எடுத்தா தட்டு கோணிக்கும். என் மச்சினன் பிளாஸ்டிக் வாளி போடுறான், அங்கயும் இதே கதைதான்."

வாளி ஞானம் தட்டுக்கும் பொருந்தும் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முதலாளியம்மா வட்டத்தைப் பார்த்தார். "அப்படியா சார்?"

'இருக்கலாம்' என்று ஒரு சொல் இருக்கிறது. பொய் என்று யாரும் பிடிக்க முடியாது, உண்மை என்று யாரும் கட்டிக்கொள்ளவும் முடியாது. கோழைகளின் அளவுக்கென்றே தைத்து வைத்த சட்டை.

"இருக்கலாம்ங்க" என்றார் வட்டம்.

ஓரத்தில் நல்ல புடவையில் நின்றிருந்த மெஷின் அக்காவின் பக்கம் எல்லாத் தலைகளும் திரும்பின. வட்டம் மட்டும் திரும்பவில்லை. தன் ஷூவில் ஏதோ கண்டுபிடிப்பு இருப்பதுபோலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அக்காவை இயந்திரத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பின்கட்டில் இருக்கும் அரவை மெஷினுக்கு அனுப்பினார்கள். வீணான பிளாஸ்டிக்கைத் தூளாக்கும் மெஷின் அது. அத்தனை மிதவைகளையும் உறை பிரித்து, ஒவ்வொன்றாக அதில் போட வேண்டும். எல்லாம் தூளானதும் அக்கா வீட்டுக்குப் போய்விடலாம். திரும்பி வர வேண்டாம். முதலாளியம்மா கத்தவில்லை, திட்டவில்லை. "மனசு கேக்கலைதான் அக்கா, ஆனா இத்தனை பேர் முன்னாடி..." என்று மட்டும் சொன்னார்.

அரவை மெஷினுக்கும் வட்டத்தின் அறைக்கும் நடுவே ஓர் ஒட்டுப்பலகைதான். தட்டு உள்ளே போகும்போது ஒரு கிறீச். அப்புறம் கொஞ்ச நேரம் கரகரப்பு. அப்புறம் அமைதி. அப்புறம் அடுத்த கிறீச். வட்டம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, எதுவுமே நடக்காததுபோல ஒரு வில்லையை வரைய ஆரம்பித்தார். கிறீச் வரும்போதெல்லாம் கோடு கோணியது. வாழ்நாளில் முதல்முறையாக அவரால் ஒரு வட்டம் போட முடியவில்லை.

சாப்பாட்டு வேளையில் அக்கா கதவைத் தட்டினார். மூக்கைச் சுற்றித் துணி கட்டியிருந்தார். புருவத்தில் மஞ்சள் தூள்.

"சார், ஒரு விஷயம் கேக்கணும்."

"சொல்லுங்கக்கா." வட்டம் பஞ்சை அவசரமாக எடுத்தார்.

"நான் எங்க தப்பு பண்ணேன்? ஒவ்வொண்ணையும் கண்ணாடியில வெச்சுப் பார்த்தேனே. நீங்களும் நல்லாருக்குன்னுதானே சொன்னீங்க? வேற எங்கயாவது வேலை கிடைச்சா அங்கயும் அதே தப்பைப் பண்ணக் கூடாதில்ல, அதுக்குத்தான் கேக்கறேன்."

இதைக் கேட்டால் கல்லும் வாய் திறந்திருக்கும். வட்டம் கல்லைவிடக் கெட்டிப்பட்டவராக இருந்தார்.

"கொஞ்சம்... ஆற விடுற நேரம் குறைஞ்சிருக்கும்க்கா. நடுவுல ஏதோ ஒரு தடவை. எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

"நடுவுல ஒரு தடவையா?" அக்கா யோசித்தார். "சரிங்க சார்." போய்விட்டார். பின்கட்டில் மறுபடி கிறீச்.

அன்று சாயங்காலம் மச்சானும் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். வட்டத்தின் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். நாள் முழுக்க ஊராரின் கண்ணைச் சோதித்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் அந்தப் பார்வையைக் கழற்றி வைக்காதவர்.

"அந்த ஷூவைப் பார்த்திருக்கணும் தங்கச்சி!" மச்சான் வாயில் சோற்றோடு சிரித்தார். "மண்ணுல பிறந்து மண்ணுல வளர்ந்த ஷூ மாதிரி ஆயிடுச்சு. எல்லாம் அந்தக்கா பண்ண வேலை. போகட்டும் விடு. மாப்பிள்ளை, சோகமா இருக்காதீங்க. உங்க மேல யாரும் ஒரு சொல் சொல்லலையே!"

வட்டம் குழம்பை எடுத்துச் சோற்றில் ஊற்றிக்கொண்டார்.

"நீங்களும் எறிஞ்சீங்களா?" என்றார் மனைவி.

"எறிஞ்சாரே. எங்களைவிட மோசமா எறிஞ்சார்."

"எந்தக் கையால?"

மச்சான் சிரித்தார். "கேள்வியைப் பாரு! எந்தக் கையால எறிவாங்க? சோத்துக்கையாலதான்!"

மனைவி தம்ளரை எடுத்தார். தண்ணீரை ஊற்றினார். வட்டத்தைப் பார்த்தார். வட்டம் தட்டில் இருந்த சோற்றை மிக நேர்த்தியாக, வலது கையால், வட்டமாகக் குவித்துக்கொண்டிருந்தார்.

மச்சான் போனபிறகு சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே மனைவி சொன்னார்: "கொசு அடிக்கிறப்போ உங்களுக்கு இடது கைதான் முதல்ல வரும். கல்யாணம் ஆன வாரமே பார்த்தேன்."

"அப்ப ஏன் கேக்கலை?"

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். அது ஒண்ணும் பெரிய விஷயமில்லைங்க. யாருக்கும் பெரிய விஷயமில்லை." ஒரு தட்டைத் துடைத்து அடுக்கினார். "அந்தம்மாவுக்குத்தான் இப்ப பெரிய விஷயமா ஆயிடுச்சு."

வட்டம் படுக்கப் போனார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

காலையில் அவர் முதலாளியம்மாவின் அறைக்குள் நுழைந்தது உண்மையைச் சொல்லத்தான். ஆனால் உண்மையை எவ்வளவு சில்லறையாக மாற்றிக் கொடுக்க முடியுமோ அவ்வளவு சில்லறையாகக் கொடுத்து முடித்துவிடலாம் என்று வழியெல்லாம் திட்டம் போட்டிருந்தார். மச்சானும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, ஒரு தொழில்நுட்பக் கோணம் விட்டுப்போச்சு. சுழற்சித் திசை சார்ந்த ஒரு நுண்ணிய முரண்பாடு..."

"மனுஷங்க பேசுற மாதிரி பேசுங்க சார். எனக்குத் தலைவலி."

"தட்டுல தப்பில்லை. மறுபக்கமா சுத்தினா பறக்கும்."

"மறுபக்கம்னா?"

"அதாவது... சில பேர் இருக்காங்க... இடது கைக்காரங்க. அவங்க எறிஞ்சா."

"ஓஹோ." முதலாளியம்மா நிமிர்ந்தார். "அப்ப நீங்க தொட்டிக்குப் பின்னாடி எறிஞ்சப்ப எப்படிப் பறந்துச்சு?"

பின்கட்டில் கிறீச் கேட்டது.

"காத்து..." என்றார் வட்டம்.

"காத்தா?" என்றார் மச்சான். "அன்னிக்குக் கொடியில காயப் போட்ட துணிகூட அசையலையே மாப்பிள்ளை. நான்தான் பார்த்துக்கிட்டு இருந்தேனே."

பூசி மெழுக இனிச் சுவரே இல்லை. அடுத்த கிறீச் கேட்டது. அதற்குள் அறையைவிட்டு வெளியே வந்திருந்தார். முதலாளியம்மாவும் மச்சானும் பின்னாலேயே வந்தார்கள். பேக்கிங் பகுதியிலிருந்த பெண்கள், என்னவோ ஏதோ என்று அவர்களுக்கும் பின்னால் வந்தார்கள்.

பின்கட்டில் உறை பிரித்த தட்டுகளில் ஒரு சின்ன அடுக்குத்தான் மிச்சம் இருந்தது. மெஷின் அக்கா ஒன்றை எடுத்து உள்ளே போடப் போனார்.

"அக்கா, நிறுத்துங்க. அதைக் குடுங்க."

கொடுத்தார். வட்டம் முற்றத்துக்கு இறங்கினார். இடது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தார். அத்தனை பேரும் பார்க்கிறார்கள் என்பது காதுமடல் வரை சுட்டது. கண்ணை மூடிக்கொண்டு எறிந்தார்.

திறந்து பார்த்தபோது தட்டு கூரைக்கு மேலே நின்றுகொண்டிருந்தது.

யாரும் தட்டைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்கள்.

"அட!" முதலாளியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "நீங்க பீச்சாங்கைக்காரரா சார்? இத்தனை வருஷமா இந்தக் கையை எங்க வெச்சிருந்தீங்க?"

"கமுக்கமான ஆளுய்யா!" என்றார் மச்சான். "என் தங்கச்சியைக் கட்டின நாள்லேருந்து எனக்கே தெரியாது! மாப்பிள்ளை, இதையா மூட்டை கட்டி வெச்சிருந்தீங்க?"

அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. ஒருத்தி 'எங்க அக்காகூட இடது கைதான்' என்றாள்; இன்னொருத்தி 'கையெழுத்து எப்படி இருக்கும்?' என்று கேட்டாள். ஆயுள் முழுக்கப் பூட்டி வைத்திருந்த டப்பாவைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. அதைக் காவல் காப்பதற்காகத்தான் மைதானத்தில் அவர் அந்த வலதுகை எறியை எறிந்திருந்தார்.

"அக்கா, மெஷினை நிறுத்துங்க, நிறுத்துங்க!" முதலாளியம்மா உற்சாகத்தில் கத்தினார். "நீங்க உங்க இடத்துக்கே போயிடுங்க. ஐயோ, நான் வேற என்னென்னமோ சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. எங்க, ஒண்ணு குடுங்க, நானும் இடது கையால பார்க்கறேன்."

மிச்சமிருந்த அடுக்கை அள்ளிக்கொண்டு எல்லோரும் முற்றத்துக்கு ஓடினார்கள். பழக்கமில்லாத கையால் ஆளாளுக்கு எறிய, தட்டுகள் சுவரிலும் ஜன்னலிலும் மச்சானின் பிடரியிலும் மோதின. நடுநடுவே ஒன்று தப்பித்து மேலே போய் நின்றது. அப்போதெல்லாம் ஒரு கூச்சல் எழுந்தது. "இடது கைக்காரங்களுக்குன்னு தனியா ஒரு அட்டை அடிக்கலாம்!" என்று மச்சான் பிடரியைத் தடவிக்கொண்டே கடை விரித்தார்.

அரவை மெஷின் பக்கத்தில் வட்டமும் மெஷின் அக்காவும் மட்டும் நின்றார்கள். அக்கா மூக்குத் துணியை அவிழ்த்தார்.

"சார், நேத்து நான் வந்து கேட்டேனே."

"ஆமாக்கா."

"ஆற விடுற நேரம்னீங்க."

"ஆமா."

"அப்பவே இது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"மைதானத்துல எறியறப்போ?"

வட்டத்துக்கு முகத்தை வைத்துக்கொள்ள ஓர் இடம் கிடைக்கவில்லை. "அப்பவும் தெரியும்."

அக்கா தலையை ஆட்டினார். கோபமாக இருந்திருந்தால் வட்டத்துக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். கணக்கில் எங்கேயோ இடித்த ஓர் இடம் நேரான மாதிரி மட்டும் ஆட்டினார்.

"நீங்க 'நடுவுல ஒரு தடவை'ன்னு சொன்னீங்களா, வீட்டுக்குப் போய் ஒவ்வொரு நாளா யோசிச்சுப் பார்த்தேன். எந்தத் தடவைன்னு. கடைசியில கண்டுபிடிச்சுட்டேன். ஒரு நாள் என் பொண்ணு போன் பண்ணினா. ஒரு நிமிஷம் திரும்பிப் பேசினேன். அதுதான்னு முடிவு பண்ணி, நேத்து ராத்திரியே அவளைக் கூப்பிட்டுத் திட்டினேன். வேலை நேரத்துல போன் பண்ணி என் பொழப்பைக் கெடுத்துட்டியேன்னு. அவ அழுதா."

வட்டம் அரவை மெஷினின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் வந்து சொல்றேன்க்கா. உங்க பொண்ணுகிட்ட நானே வந்து..."

"என்னன்னு சொல்வீங்க?"

பதில் இருந்தது. ஒரு வரிப் பதில். என் கை எந்தக் கண்ணிலும் படாமல் இருக்க, உன் அம்மாவை எல்லாக் கண்ணும் பார்க்க விட்டேன். அதை ஒரு சின்னப் பெண்ணின் முன்னால் நின்று சொல்வதை நினைத்தபோது, இடது கையை வெளியே எடுத்ததெல்லாம் ஒரு வெட்கமே இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

"நடந்ததைச் சொல்றேன்" என்றார்.

"ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பா" என்றார் அக்கா. வரச் சொன்னாரா, வராதே என்றாரா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. குனிந்து, அரைத்த தூளை நிரப்பியிருந்த சாக்கின் வாயைச் சுருட்டிக் கட்டினார். உருக்கினால் மறுபடியும் தட்டாகும்.

"இது என் மெஷின்கிட்டப் போகணும். அந்தப் பக்கம் பிடிங்க."

வட்டம் பிடித்தார். சாக்கு கனத்தது. இவர் பக்கம் தாழ்ந்தபோது அக்கா நின்று, இவர் நிமிர்ந்ததும் நடந்தார். முற்றத்தில் யாரோ எறிந்தது நன்றாகப் பறந்துவிட்டது போலிருக்கிறது, கைதட்டல் கேட்டது.

"அக்கா, நான் உங்ககிட்ட..."

"தூக்கும்போது பேசாதீங்க சார். மூச்சு வாங்கும்."

வட்டம் தன் பக்கத்தை உயர்த்திப் பிடித்தார்.